சிற்றுடல் இறைச்சி மாட்டினங்கள்

சிற்றுடல் இறைச்சி மாட்டினங்கள் என்பவை, இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளுள் உயரத்திலும் எடையிலும் வழக்கமான இனங்களைவிடக் குறைந்தவை ஆகும். அயர்லாந்தில் தோன்றிய டெக்ஸ்டர், ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட லோலைன், ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் உருவாக்கப்பட்ட குறு ஹெர்ஃபோர்டு ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. சிறு நிலப்பரப்பில் வளர்க்க ஏற்றவை, எளிதில் கன்று ஈனுபவை, ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதிய அளவில் இறைச்சி தருபவை என்று இவை விரும்பப்படுகின்றன.

உடல் சிறுத்திருப்பதற்கு இரு வேறு மரபியல் காரணங்கள் உண்டு. ஒன்று, சிறு விளைவுடைய பல மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து உடலைச் சீராகச் சிறிதாக்குவது. மற்றொன்று, எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும் ஒரே ஒரு மரபணுப் பிறழ்வினால் ஏற்படும் குள்ளத்தன்மை. முதல் வகையால் தீங்கு இல்லை. இரண்டாம் வகை சில இணைசேர்ப்புகளில் கன்று இறப்பதற்குக் காரணமாகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றக்கூடும் என்பதே இவ்வினங்களின் வரலாற்றில் பல சிக்கல்களுக்கு அடிப்படையாக இருந்துள்ளது.

வரையறையும் அளவீடும்

மாட்டின் உடலளவைக் குறிக்க எடையை மட்டும் கொள்வது போதாது. கொழுத்த சிறிய மாடும் மெலிந்த பெரிய மாடும் ஒரே எடையில் இருக்கக்கூடும். எனவே இடுப்பெலும்பின் உயரத்தை அளந்து, அதனை வயதுடன் ஒப்பிட்டு, "உடற்சட்டக மதிப்பெண்" கணிக்கப்படுகிறது. இம்முறை ஐக்கிய அமெரிக்காவில் பெரிதும் வழக்கில் உள்ளது. இதில் ஒரு மதிப்பெண் வேறுபாடு இடுப்புயரத்தில் ஏறத்தாழ 5 செ.மீ. வேறுபாட்டைக் குறிக்கும். சிற்றுடல் இனங்கள் இவ்வளவுகோலின் அடிப்பகுதியிலோ அதற்கும் கீழோ அமைகின்றன.

டெக்ஸ்டர் பசு ஏறத்தாழ 92 முதல் 107 செ.மீ. உயரமும், 300 முதல் 350 கிலோ எடையும் கொண்டது. காளை ஏறத்தாழ 450 கிலோ எடையை அடையும். லோலைன் பசு ஏறத்தாழ 100 செ.மீ. உயரமும், காளை ஏறத்தாழ 110 செ.மீ. உயரமும் கொண்டவை. இன்று வணிக நோக்கில் வளர்க்கப்படும் பெரிய இறைச்சி இனங்களின் பசுக்கள் 600 கிலோவைத் தாண்டுவது இயல்பு.

வரலாறு

டெக்ஸ்டர்

டெக்ஸ்டர் இனம் அயர்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் தோன்றியது. கெர்ரி என்னும் கறவை இனத்துடன் இது நெருங்கிய தொடர்புடையது. ஹவார்டன் பிரபுவின் நிலங்களை மேலாண்மை செய்த டெக்ஸ்டர் என்பவரின் பெயரால் இப்பெயர் ஏற்பட்டது எனக் கூறப்படுகிறது. வளம் குன்றிய மலைச்சரிவுகளில் ஓரிரு மாடுகளை மட்டுமே வைத்திருந்த சிறு குடியானவர்கள் பாலுக்கும் இறைச்சிக்கும் இதனை வளர்த்தனர். 1882-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1905-ஆம் ஆண்டுக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் இறக்குமதியானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணிக்கை மிகவும் குறைந்து அரிய இனமாகக் கருதப்பட்டது. பின்னர் சிறு பண்ணையாளர்களின் ஆர்வத்தால் மீண்டும் பெருகியது. கறுப்பு, சிவப்பு, மங்கிய பழுப்பு ஆகிய நிறங்களில் காணப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் குள்ளக் கன்றுகள்

1930-களிலும் 1940-களிலும் ஐக்கிய அமெரிக்கக் கால்நடைக் கண்காட்சிகளில் குட்டையான கால்களும் அகன்ற உடலும் கொண்ட, இளமையிலேயே கொழுக்கும் மாடுகளே பரிசு பெற்றன. இத்தகைய காளைகளின் விலையும் உயர்ந்தது. ஹெர்ஃபோர்டு இனத்திலும், அதற்கு அடுத்து ஆங்கஸ் இனத்திலும் குள்ளக் கன்றுகள் அதிக அளவில் பிறக்கத் தொடங்கின. புடைத்த நெற்றியும் குறுகிய முகமும் ஊதிய வயிறும் கொண்ட இக்கன்றுகள் மூச்சுவிடும்போது குறட்டை போன்ற ஒலி எழுப்பின. அதனால் இவை "குறட்டைக் குள்ளர்" எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டன. இவற்றுட் பல இளமையிலேயே இறந்தன. பிழைத்தவற்றாலும் பண்ணையாளருக்குப் பயன் இல்லை.

இக்குறை ஒடுங்கு பண்பாகக் கடத்தப்பட்டது. அதாவது, பிறழ்ந்த மரபணுவின் ஒரு நகலை மட்டும் கொண்ட மாடு நோயின்றி இருந்தது. எனினும், அத்தகைய மாடுகளுட் பல சற்றே குட்டையாகவும் கச்சிதமாகவும் தோன்றியதால், நடுவர்கள் தம்மை அறியாமலேயே அவற்றைத் தேர்ந்தெடுத்தனர் எனக் கருதப்படுகிறது. புகழ்பெற்ற காளைகளின் வழித்தோன்றல்களே மீண்டும் மீண்டும் இனப்பெருக்கத்துக்குப் பயன்பட்டதால் பிறழ்வு விரைந்து பரவியது.

1950-களில் இதனைக் களைய முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. நெற்றியின் வளைவை அளக்கும் கருவி, முதுகெலும்பின் ஊடுகதிர்ப் படம் முதலியவற்றைக் கொண்டு பிறழ்வைச் சுமக்கும் மாடுகளைக் கண்டறிய முயன்றனர். இவை நம்பகமான விடையைத் தரவில்லை. இறுதியில் வமிசாவளியை ஆராய்ந்து ஐயத்துக்குரிய வழிகளை விலக்குவதும், காளையின் கன்றுகளைக் கொண்டு காளையைச் சோதிப்பதுமே பயனளித்தன. குள்ளக் கன்று பிறந்த வழியைச் சேர்ந்த மாடுகள் விலை போகாமல் இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பிறழ்வு அற்ற நல்ல மாடுகளும் அழிந்தன.

இதன் எதிர்விளைவாக அடுத்த காலகட்டத்தில் உயரமான மாடுகளை நோக்கிப் பண்ணையாளர் திரும்பினர். ஷரோலே, சிமென்டால், லிமோசின் முதலிய ஐரோப்பியப் பேரினங்கள் 1960-களிலும் 1970-களிலும் வட அமெரிக்காவில் பரவின. இந்தப் போக்கு 1980-களில் உச்சத்தை எட்டியது. சிறிய மாடு என்றாலே குறையுள்ள மாடு என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

லோலைன்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள டிராங்கி வேளாண்மை ஆராய்ச்சி மையத்தில் 1929 முதல் ஆங்கஸ் மந்தை ஒன்று பராமரிக்கப்பட்டது. 1964-இல் வெளியிலிருந்து மாடுகள் சேர்க்கப்படுவது நிறுத்தப்பட்டது. 1974-இல் இம்மந்தை மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. பிறப்பிலிருந்து ஓராண்டு வரை வேகமாக வளர்பவை ஒரு பிரிவிலும், மெதுவாக வளர்பவை மற்றொரு பிரிவிலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. மூன்றாம் பிரிவு ஒப்பீட்டுக்காகத் தேர்வின்றி விடப்பட்டது. பெரிய மாடு, சிறிய மாடு ஆகியவற்றுள் எது புல்லை இறைச்சியாக மாற்றுவதில் திறன் மிக்கது என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம்.

ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்தபின், மெதுவளர்ச்சிப் பிரிவின் மாடுகள் வேகவளர்ச்சிப் பிரிவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு சிறியனவாக இருந்தன. ஆய்வு முடிந்தபின் 1992-இலும் 1993-இலும் இவை ஏலத்தில் விற்கப்பட்டன. இவற்றை வாங்கியவர்கள் 1992-இல் சங்கம் அமைத்து, மெதுவளர்ச்சிப் பிரிவின் பெயரான "லோலைன்" என்பதையே இனத்தின் பெயராகக் கொண்டனர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினம் பின்னர் "அமெரிக்கன் அபர்டீன்" என்னும் பெயரையும் பெற்றது.

குறு ஹெர்ஃபோர்டு

டெக்சாசு மாநிலத்தின் ஃபோர்ட் டேவிஸ் பகுதியில் லார்ஜெண்ட் குடும்பத்தினர் 1970 முதல் தம் ஹெர்ஃபோர்டு மந்தையில் சிறியவற்றைத் தேர்ந்து இணைசேர்த்து இவ்வகையை உருவாக்கினர். ஏனைய நாட்டவர் பேருடலை நாடிய காலத்தில் இம்முயற்சி தொடங்கியது குறிப்பிடத்தக்கது. முந்தைய தலைமுறையின் கசப்பான அனுபவம் காரணமாக, குள்ளத்தன்மை மரபணு இல்லாமல் இருப்பது இவ்வகையின் அடிப்படை நிபந்தனையாக வலியுறுத்தப்படுகிறது.

மரபியல்

பல மரபணுக்களால் அமையும் உடலளவு

மாட்டின் உயரம், மனிதரின் உயரத்தைப் போன்றே, பல மரபணுக்களின் கூட்டு விளைவு ஆகும். 2011-இல் வெளியான ஆய்வொன்று, 14-ஆம் நிறப்புரியில் உள்ள பிளாக்1 மரபணுவின் அருகே அமைந்த வேறுபாடுகள் உடலளவைப் பாதிப்பதைக் காட்டியது. 2018-இல், 17 மாட்டுக் கூட்டங்களைச் சேர்ந்த 58,265 மாடுகளின் தரவுகள் ஒன்றுசேர்க்கப்பட்டு ஆராயப்பட்டன. உயரத்துடன் தொடர்புடைய 163 மரபணுத்தொகுதிப் பகுதிகள் அதில் கண்டறியப்பட்டன. அவற்றின் முதன்மை வேறுபாடுகள் அனைத்தும் சேர்ந்தும் உயர வேறுபாட்டில் 13.8 விழுக்காட்டுக்கு மேல் விளக்கவில்லை. எஞ்சிய பகுதிக்கு இன்னும் சிறிய விளைவுடைய எண்ணற்ற வேறுபாடுகளும் சூழலும் காரணமாகும்.

உயரம் பெற்றோரிடமிருந்து பெரிதும் கடத்தப்படும் பண்பு. எனவே தலைமுறைதோறும் சிறியவற்றைத் தேர்ந்தெடுத்தாலே போதும். உடலளவு படிப்படியாகக் குறையும். லோலைன் இவ்வழியில் உருவானது. இத்தகைய மாட்டில் தலை, உடல், கால் ஆகியவற்றின் விகிதம் மாறுவதில்லை. சிறிய காளையையும் சிறிய பசுவையும் இணைசேர்ப்பதால் உயிர்க்கொல்லிக் குறைபாடு தோன்றுவதில்லை.

டெக்ஸ்டரின் குள்ளத்தன்மை

டெக்ஸ்டர் இனத்தில் குட்டைக்கால் வகை, நெட்டைக்கால் வகை என இரண்டு உண்டு. குட்டைக்கால் மாடுகளை ஒன்றோடொன்று இணைசேர்த்தால் சில கன்றுகள் உருச்சிதைந்து இறந்து பிறப்பதைப் பண்ணையாளர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இக்கன்றுகள் "புல்டாக் கன்று" எனப்படுகின்றன. மிகக் குறுகிய கால்கள், பெரிய தலை, உள்வாங்கிய முகம், வெளியே துருத்திய நாக்கு, வயிற்றுச் சுவரில் பிளவு ஆகியன இவற்றின் அடையாளங்கள். பெரும்பாலும் சினைக்காலத்தின் ஏழாம் மாதத்துக்கு முன்னரே இவை கலைந்துவிடுகின்றன.

இதன் மூலக்கூற்றுக் காரணம் 2007-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. குருத்தெலும்பின் முக்கியக் கூறாகிய அக்ரிக்கான் என்னும் புரதத்துக்கான ஏகேன் மரபணுவில் இரு வேறு பிறழ்வுகள் கண்டறியப்பட்டன. ஒன்று, நான்கு காரமூலங்கள் மிகையாக நுழைந்ததால் ஏற்பட்டது. மற்றொன்று, ஒரு காரமூலம் மாறியதால் ஏற்பட்டது. கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றியே பின்னர் எலும்பாகின்றன. ஆகவே அக்ரிக்கான் குறைந்தால் எலும்பு நீள்வது தடைப்படுகிறது.

இப்பண்பு முழுமையற்ற ஓங்குதன்மை உடையது. பிறழ்வின் நகல் இல்லாத மாடு நெட்டைக்காலுடனும், ஒரு நகல் உள்ள மாடு குட்டைக்காலுடனும் இருக்கும். இரு நகல்கள் உள்ள கரு பிழைப்பதில்லை. ஒரு நகல் ஒரு வகைப் பிறழ்வாகவும் மற்றது இரண்டாம் வகைப் பிறழ்வாகவும் இருந்தாலும் விளைவு இதுவே. இணைசேர்ப்பின் எதிர்பார்க்கத்தக்க விளைவுகள் பின்வருமாறு:

- குட்டைக்கால் × குட்டைக்கால்: 25 விழுக்காடு நெட்டைக்கால், 50 விழுக்காடு குட்டைக்கால், 25 விழுக்காடு புல்டாக் கன்று.
- குட்டைக்கால் × நெட்டைக்கால்: 50 விழுக்காடு குட்டைக்கால், 50 விழுக்காடு நெட்டைக்கால், புல்டாக் கன்று பிறப்பதில்லை.
- நெட்டைக்கால் × நெட்டைக்கால்: அனைத்தும் நெட்டைக்கால்.

இதனால் குட்டைக்கால் டெக்ஸ்டரைத் தூய வழியாக நிலைநிறுத்த இயலாது என்பது விளங்கும். குட்டைக்காலே இனத்தின் அடையாளம் என்று கொண்டு அவற்றை மட்டும் இணைசேர்ப்பவர், நான்கில் ஒரு சினையை இழக்க நேரிடும். நெட்டைக்கால் வகையும் ஏனைய இனங்களை நோக்கச் சிறியதே. அதன் சிறுமை பல மரபணுக்களால் அமைந்ததால் இழப்பு ஏதும் நேர்வதில்லை.

டெக்ஸ்டரில் நுரையீரல் வளர்ச்சிக்குறைவும் உடல் வீக்கமும் சேர்ந்த மற்றொரு உயிர்க்கொல்லிக் குறைபாடும் உண்டு. இது ஒடுங்கு பண்பு என்பதால் ஒரு நகல் உள்ள மாட்டை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. இரு குறைபாடுகளுக்கும் டி.என்.ஏ. சோதனை உள்ளது. வாலிலிருந்து வேருடன் பிடுங்கிய சில மயிர்களே சோதனைக்குப் போதுமானவை.

பிற குள்ளத்தன்மைகள்

மாடுகளில் குள்ளத்தன்மைக்கு ஒரே மரபணு காரணமன்று. ஜப்பானியப் பழுப்பு மாடுகளில் காணப்படும் குள்ளத்தன்மைக்கு லிம்பின் மரபணுவின் பிறழ்வே காரணம் என 2002-இல் அறியப்பட்டது. அமெரிக்க ஆங்கஸ் மாடுகளின் நீள்முகக் குள்ளத்தன்மைக்குப் பி.ஆர்.கே.ஜி.2 மரபணுவின் பிறழ்வு காரணம் என 2009-இல் அறியப்பட்டது. எனவே ஒரு பிறழ்வுக்கான சோதனையில் குறையில்லை என முடிவு வந்தால், அது அந்தப் பிறழ்வுக்கு மட்டுமே பொருந்தும்.

காளைச் சோதனையின் கணக்கு

டி.என்.ஏ. சோதனைகள் தோன்றுமுன் ஒடுங்கு பிறழ்வைச் சுமக்கும் காளையைக் கண்டறிய அதன் கன்றுகளே சான்றாயின. பிறழ்வைச் சுமப்பது உறுதியான பசுக்களுடன் ஐயத்துக்குரிய காளையை இணைசேர்த்தால், காளையும் பிறழ்வைச் சுமப்பதாயின் ஒவ்வொரு கன்றும் குறையின்றிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. தொடர்ந்து 16 கன்றுகள் குறையின்றிப் பிறந்தால், அக்காளை பிறழ்வைச் சுமந்தும் இவ்வாறு நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. காளையைத் தன் கிடேரிகளுடனேயே இணைசேர்த்துச் சோதித்தால், கிடேரிகளில் சராசரியாகப் பாதியே பிறழ்வைச் சுமக்கும். ஆகையால் அதே உறுதிக்கு 35 கன்றுகள் தேவை. காளை வளர்ந்து, அதன் கிடேரிகளும் வளர்ந்து கன்று ஈனும்வரை காத்திருக்க வேண்டியதால் இச்சோதனைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

உடல் எடையும் தீவனத் தேவையும்

சிறிய மாடு குறைவாக உண்ணும் என்பது உண்மை. ஆனால் எடை குறையும் அதே விகிதத்தில் தீவனத் தேவை குறைவதில்லை. விலங்கின் ஆற்றல் தேவை அதன் எடையின் 0.75 அடுக்குக்கு ஏற்ப அமைகிறது. இவ்விதியை மாக்ஸ் கிளைபர் 1932-இல் எடுத்துரைத்தார்.

இவ்விதிப்படி, 350 கிலோ பசுவின் எடை 600 கிலோ பசுவின் எடையில் 58 விழுக்காடு. ஆனால் அதன் உடல் பராமரிப்புக்கான ஆற்றல் தேவை பெரிய பசுவின் தேவையில் 67 விழுக்காடு. ஒரு கிலோ உடல் எடைக்குக் கணக்கிட்டால் சிறிய பசுவுக்கே ஏறத்தாழ 14 விழுக்காடு மிகையாகத் தேவைப்படுகிறது. 100 பெரிய பசுக்களைப் பராமரிக்கும் தீவனம் 150 சிறிய பசுக்களுக்குப் போதும். பெரிய பசுக்களின் மொத்த எடை 60,000 கிலோ. சிறியவற்றின் மொத்த எடை 52,500 கிலோ.

ஆகவே பயன் எதில் உள்ளது என்பதைக் கன்றுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். பால் மறக்கும்போது கன்றின் எடை தாயின் எடையில் 45 விழுக்காடு எனக் கொண்டால், 100 பெரிய பசுக்கள் 27,000 கிலோ கன்று தரும். 150 சிறிய பசுக்கள் அதே விகிதத்தில் 23,625 கிலோ தரும். சிறிய பசு தன் எடையில் 51 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள கன்றை வளர்த்தால்தான் இரண்டும் சமமாகும். பெரிய காளையுடன் இணைசேர்ப்பதன் மூலமும், கன்று இறப்பைக் குறைப்பதன் மூலமும் இந்நிலையை எட்டலாம். உடலளவு சிறுத்திருப்பது மட்டும் தீவனத் திறனை உயர்த்துவதில்லை. டிராங்கி மையம் 1990-களில் உடலளவை விடுத்து, ஒரே அளவும் ஒரே வளர்ச்சியும் உள்ள மாடுகளுள் எது குறைவாக உண்கிறது என்பதை ஆராய முற்பட்டது.

நன்மைகள்

- எளிதில் கன்று ஈனுதல்: பிறப்பு எடைக்கும் வளர்ந்த எடைக்கும் மரபியல் தொடர்பு உண்டு. சிறிய காளைக்குப் பிறக்கும் கன்று சிறியது. எனவே பிற இனங்களின் தலைச்சினைக் கிடேரிகளுக்கு லோலைன் காளைகள் பயன்படுத்தப்படுகின்றன.
- முன்முதிர்ச்சி: சிற்றுடல் மாடுகள் குறைந்த எடையிலேயே கொழுப்புப் படியும் நிலையை அடைகின்றன. தானியத் தீவனமின்றிப் புல்லை மட்டுமே உண்டும் தசைகளுக்கிடையே போதிய கொழுப்பைப் பெறுகின்றன.
- நிலத்துக்குத் தீங்கு குறைவு: ஈரமான மேய்ச்சல் நிலங்கள் கனத்த மாடுகளின் குளம்புகளால் சேறாவது இவற்றால் குறைகிறது.
- கையாளும் எளிமை: கொட்டில், வேலி, வண்டி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு குறைவு.
- இறைச்சித் துண்டின் அளவு: பெரிய மாட்டின் முதுகுத் தசை அகலமாக இருப்பதால், ஒருவருக்கு ஏற்ற எடையில் வெட்டும்போது துண்டு மெல்லியதாகிவிடுகிறது. சிறிய மாட்டில் அதே எடையில் தடித்த துண்டு கிடைக்கும்.
- இடர் பகிர்வு: ஒரே நிலத்தில் அதிக எண்ணிக்கையில் மாடுகள் இருப்பதால், ஒன்று இறந்தால் ஏற்படும் இழப்பு சிறியது.

குறைபாடுகள்

இறைச்சிக்கூடத்தில் வெட்டுக்கூலி பெரும்பாலும் மாட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைகிறது. எனவே சிறிய மாட்டின் ஒரு கிலோ இறைச்சிக்கு அடக்கவிலை கூடுகிறது. பெரிய ஆலைகள் குறிப்பிட்ட எடை வரம்புக்குக் கீழான மாடுகளுக்கு விலையைக் குறைக்கின்றன. தடுப்பூசி, காதுக் குறி, சினைப் பரிசோதனை ஆகிய செலவுகளும் எண்ணிக்கையுடன் கூடுகின்றன. தானியம் ஊட்டி நெடுநாள் வளர்த்தால் இவை மிகையாகக் கொழுத்துவிடும். இக்காரணங்களால் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு பண்ணைகளுக்கே இவை பெரிதும் ஏற்றவை. மேலும், லோலைன் போன்ற இனங்கள் ஒரே மந்தையிலிருந்து தோன்றியவை ஆதலால் நெருங்கிய உறவுகளுக்கிடையே இணைசேர்ப்பதைத் தவிர்ப்பதில் கவனம் தேவை.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

சிறிய மாடு வாங்குவோர் அதன் சிறுமைக்கான காரணத்தை அறிதல் இன்றியமையாதது. உடலோடு ஒப்பிடுகையில் கால்கள் மட்டும் குறுகியிருந்தால் அது ஒற்றை மரபணுக் குள்ளத்தன்மையாக இருக்கக்கூடும். எனினும் தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்வது பிழைக்கு இடமளிக்கும் என்பதை 1950-களின் அனுபவம் காட்டுகிறது. காளைக்கும் பசுவுக்கும் டி.என்.ஏ. சோதனைச் சான்று கேட்டுப் பெறுவதே தகுந்த வழி. குட்டைக்கால் டெக்ஸ்டரை வைத்திருப்பவர் அதனை ஒதுக்கவேண்டியதில்லை. பிறழ்வு அற்றது எனச் சோதிக்கப்பட்ட காளையுடன் இணைசேர்த்தால் புல்டாக் கன்று பிறக்காது. ஒரு நகல் உள்ள எல்லா மாடுகளையும் ஒரே வேளையில் அழித்தால், ஏற்கனவே சிறிதாக உள்ள இனத்தின் பிற நற்பண்புகளும் சேர்ந்து அழியும்.

இந்தியக் குறு மாடுகள்

கேரளத்தின் வெச்சூர், ஆந்திரப் பிரதேசத்தின் புங்கனூர் ஆகியவையும் உலகின் மிகச் சிறிய மாட்டினங்களைச் சேர்ந்தவை. வெச்சூர் மாட்டின் சராசரி உயரம் ஏறத்தாழ 87 செ.மீ. ஆகும். இவை திமில் உள்ள மாடுகள். பாலுக்காகவே பெரிதும் வளர்க்கப்படுகின்றன. ஆகவே இவை இறைச்சி இனங்களாக வகைப்படுத்தப்படுவதில்லை. வெச்சூர் மாடு அழியும் நிலையை எட்டியபோது, 1989-இல் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதனைக் காக்கும் பணி தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- ஆங்கஸ் மாடு
- கெர்ரி மாடு
- வெச்சூர் மாடு
- புங்கனூர் மாடு
- குள்ளத்தன்மை
- மெண்டலின் விதிகள்